டாக்டரம்மாவின் விளக்குக்கு எத்தனை வெளிச்சம்

செப். 3, புதன்

காலையில் வெயில். மூன்று மணிக்குமேல் மலைப்பக்கம் மேகம். கடையில் ரிப்பேருக்கு இரண்டு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன், பிரித்தது பிரித்தபடி. இன்று முழுக்க டாக்டரம்மா விளக்குதான்.

டாக்டர் தேன்மொழி, கல்வராயன் மலைமேல் மாட்டு டாக்டர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், கரும்புக்காரர் மகள். போன மாதம் கடைக்குள் வந்தார். அலமாரியில் நான் செய்து வைத்திருந்த டார்ச்சை எடுத்தார், கழற்றினார், மாட்டினார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். விற்கிற ஹெட்லைட் எதுவும் மாட்டுக் கொட்டகைக்கு லாயக்கில்லையாம். அவர் கேட்டது இரண்டே:

1. ஆன் செய்ததும் சின்ன வெளிச்சம்தான் வரவேண்டும். மாடு மிரளும்.
2. மினுக்கவே கூடாது.

நான் செய்தது:

– உடம்பு அலுமினியம், லேத்தில் கொடுத்துக் கடைந்தது. தலைப்பட்டையில் மாட்டலாம், கையிலும் பிடிக்கலாம்.
– ஒரே பட்டன். அமுக்க அமுக்க ஐந்து வெளிச்சம். நிலா, சின்னது, நடு, பெரியது, முழுசு. (பெயரெல்லாம் நான் வைத்தது.)
– முழுசில் மூன்று நிமிடம் ஆனால் தானாகவே சின்னதுக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் சூடு தாங்காது.
– எட்டு தடவை வேகமாக அமுக்கினால் மட்டும் மினுக்கும். அது ரகசியம். ஒரு ஆசைக்கு.

எட்டுக் கால் சிப்பை கிளிப்பில் கவ்வவைத்து லேப்டாப்பிலிருந்து புரோகிராம் ஏற்றினேன். இருபத்திரண்டு தடவை. கண் பூத்துவிட்டது. பின்கட்டு சுவரில் அடித்துப் பார்த்தால் ஐந்து வட்டம், ஒன்றைவிட ஒன்று அழகு. இந்தக் கள்ளக்குறிச்சியில் வேறு எவனுக்கும் வராது. எழுதினால் என்ன, எவன் படிக்கப் போகிறான்.

என் மனைவி சுமதி டீயோடு வந்து நின்று பார்த்தாள். "ஒரு டார்ச்சுக்கு அஞ்சு வெளிச்சம் இன்னாத்துக்கு? வூட்டுல பாத்ரூம் லைட்டு எரியலன்னு சொல்லி ரெண்டு வாரம் ஆவுது."

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்றேன்.

செப். 5, வெள்ளி

புழுக்கம். கீழ்க் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

டா. பதினொரு மணிக்கு வந்தார். விளக்கைக் கையில் கொடுத்து, ஐந்து வெளிச்சத்தையும் விளக்கப் போனேன். கேட்கவில்லை. பையிலிருந்து ரப்பர் கையுறை எடுத்து மாட்டி, அதைத் தண்ணீரில் நனைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அரை நிமிடத்தில் என் ரகசிய மினுக்கல் வெளியே வந்துவிட்டது.

எட்டு தடவை அமுக்கினால்தான் வரும் என்றேன், அசடு வழிய.

"மாட்டுக்குள்ள ஒரு கை இருக்கும்போது இன்னொரு கை எத்தினி தடவ அமுக்குதுன்னு எண்ணிக்கினா இருக்கும், அண்ணா?"

அவர் எதிரிலேயே கிளிப்பை மாட்டி மினுக்கலை எடுத்துவிட்டேன். நான்கு வரி. கோபம் வந்தது, உண்மை. ஆனால் அவர் விளக்கோடு போன பிறகு யோசித்தால், டார்ச் செய்கிற இந்த எட்டு வருஷத்தில் யாரும் என் டார்ச்சை நனைந்த கையோடு, பார்க்காமல் அமுக்கிப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

மிக்சி ஒன்று முடிந்தது. ஃபேனுக்கு மோட்டார் காயில் போய்விட்டது.

செப். 7, ஞாயிறு

நேற்று மலையில் நல்ல மழை. இங்கே தூறல்.

பாத்ரூம் லைட் போடவில்லை. காரணம் கீழே.

பத்து மணிக்கு டா. வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து விளக்கை மேஜைமேல் வைத்தார். புகார் சொல்ல வரவில்லையாம். ஒரு விஷயம் சொல்லத்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

நேற்று மத்தியானம், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். கோவிந்தன், அஞ்சலை என்று புருஷன் பெண்டாட்டி. கூலி வேலை. சொத்து என்றால் ஒரு செவலை மாடு. கன்று போட்டு இரண்டு நாள். பாலில் சத்தெல்லாம் இறங்கி, மாடு படுத்துவிட்டது. பேர் பால் காய்ச்சலாம், ஆனால் உடம்பு சுடாதாம். கழுத்தை மடித்து விலாவில் சாய்த்துக்கொண்டு, காது சில்லென்று. அப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் போய்விடும். கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். பாட்டிலைக் கூரை மூங்கிலில் கட்டி, ஊசியைப் போட்டிருக்கிறார். மழை இருட்டு, கூரைக் கொட்டகை, ஜன்னல் கிடையாது. தலையில் என் விளக்கு, சின்ன வெளிச்சத்தில்.

"சொட்டா விழுந்தா மருந்து. நூலா ஓடிச்சுன்னா நெஞ்சு நின்னுடும். அவ்ளோதாண்ணா கணக்கு."

என் வெளிச்சத்தில் நூலாகத் தெரிந்திருக்கிறது. பயந்துபோய்க் குழாயின் சக்கரத்தை இறுக்கியிருக்கிறார். பிறகும் மணி கோத்த மாதிரி தொங்குகிறது. ஓடுகிறதா, விழுகிறதா, புரியவில்லை. ஒவ்வொரு வெளிச்சமாக மாற்றிப் பார்த்து, முழுசில் மட்டும் சொட்டு சொட்டாகச் சரியாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். பாதி பாட்டில் போனதும் மாட்டுக்கு உயிர் வந்து, முழு வெளிச்சத்துக்குத் தலையை உதற ஆரம்பித்தது. உடனே கோவிந்தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கி, அஞ்சலையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, விளக்கைத் துண்டுமேல் அடித்திருக்கிறார். துண்டிலிருந்து திரும்பி வந்த வெளிச்சத்தில் மீதியை ஏற்றினாராம். என் புண்ணியத்தில் அது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிவிடும். இறங்க இறங்க அமுக்கியிருக்கிறார். ஒரு கை பட்டனில், ஒரு கை மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்போடு. போன் லைட்டைப் போடலாமென்றால் அது மழையில் நனைந்து அணைந்துவிட்டதாம்.

மாடு ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நின்றது.

இவ்வளவையும் பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? வாதாடினேன். வெளிச்சம் எப்படிப் பொய் சொல்லும், உங்கள் கண் அசதியாக இருந்திருக்கும் என்று. என்ன ஜென்மம் நான். அவர் எழுந்துகொண்டார். "குழாயில சொட்ட வுட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கை என்னிடமே வைத்துவிட்டுப் போனார்.

மதியம். பாத்ரூம். லைட் எரியாதது நல்லதாகப் போயிற்று, பகலிலேயே நல்ல இருட்டு. சுமதி குழாயைச் சொட்ட விட்டாள், நான் சின்ன வெளிச்சம் அடித்தேன்.

"இன்னாங்க இது, தண்ணி அந்தரத்துல நின்னுகினு இருக்கு."

நின்றது. ஒரு சொட்டு ஆறேழு சொட்டாக, வரிசையாக. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் ஒழுகுகிற தண்ணீர் சொட்டு மாதிரி தெரிகிறது. இதுதான் பயங்கரம். நூலைச் சொட்டென்று காட்டுகிறது என் விளக்கு.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் வெட்கம். நான் கொடுத்த சின்ன வெளிச்சம் சின்னதே இல்லை. முழு வெளிச்சத்தையே நொடிக்கு நூறு தடவை அணைத்து அணைத்து எரியவைப்பது. கண் ஏமாந்து மங்கல் என்று நினைத்துக்கொள்ளும். அசையாத பொருளில் தெரியாது. விழுகிற பொருளில் தெரியும். அந்த டாக்டர் மினுக்கக் கூடாது என்றார். நான் நொடிக்கு நூறு தடவை மினுக்குகிற விளக்கைக் கொடுத்திருக்கிறேன். எட்டு வருஷமாகச் சுவரில் அடித்தே வெளிச்சம் பார்த்தவன். சுவர் எங்கே நகர்ந்தது.

புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். நூறு இருந்த இடத்தில் பதினாறாயிரம். குழாயில் பார்த்தால் சொட்டு ஒன்றாகத் தெரிகிறது. முடிந்தது வேலை.

செப். 8, திங்கள்

முடியவில்லை.

ஒரு மணிக்கு டா. போன். செவலை மறுபடி தள்ளாடுகிறதாம். இந்தப் பால் காய்ச்சல் இரண்டு நாளில் திரும்பும், எதிர்பார்த்ததுதான், விளக்கு ஆச்சா என்றார். நானே எடுத்து வருகிறேன் என்றேன். மிக்சிக்காரர் கடை வாசலிலேயே நின்றார். அவர் எதிரில் ஷட்டரை இறக்கினேன். திட்டியிருப்பார்.

கச்சிராயபாளையம் வரை காய்ந்த ரோடு, மலை ஏறினால் மழை. வளைவுகளில் பைக்கை உருட்டாத குறை. பல் வலி மறந்துபோனது இன்று ஒருநாள்தான்.

கொட்டகைக்குள் நுழைய நான் குனிய வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஆறரை மணி இருட்டு. மாடு படுக்கவில்லை, ஆனால் உடம்பெல்லாம் வெட்டி வெட்டி நடுக்கம், கண் மிரண்டு. கோவிந்தன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தார். அஞ்சலை என்னைப் பார்த்து, "நீங்கதான் வெளக்குக்காரரா? இது போச்சுன்னா நாங்க வெளியூருக்குக் கூலிக்குப் போவ வேண்டிதான், சாமி" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. நிலவரம் சொன்னார். நான் விளக்கை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன்.

டா. ஊசியைப் போட்டார். விளக்கை ஆன் செய்தார். சொட்டு சொட்டாக, தெளிவாக. எனக்கு மார்பு நிமிர்ந்தது. அரை நிமிடம்கூட இல்லை. மாடு தலையை ஒரு உதறு, ஊசி வெளியே. ரத்தம். துடைத்து, மறுபடி போட்டார். மறுபடி உதறல்.

வெளிச்சம் சின்னதுதான், அதுவும் முகத்தில் படவில்லை. பின்னே ஏன்?

நான் கோவிந்தனை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். டா. விளக்கை அணைத்தார். ஆன் செய்தார். அணைத்தார். ஆன் செய்தார். மாடு செத்துப் பிழைக்கிற நேரத்தில் இந்தம்மா என்ன விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது மாட்டின் காதுகளை. ஆன் செய்தால் இரண்டு காதும் அவர் நெற்றியைப் பார்த்துத் திரும்புகிறது. அணைத்தால் தொங்குகிறது. மூன்று தடவை, தவறாமல்.

"அண்ணா, இது வெளிச்சத்தப் பாக்கல. எதையோ கேக்குது."

விளக்கைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் புரிந்துவிட்டது. நொடிக்குப் பதினாறாயிரம் தடவை அணைந்து எரிந்தால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அந்தக் காயில், கீச்சென்று விசிலடிக்கும். நாற்பத்தாறு வயதுக் காதுக்கு எட்டாது. டாக்டரின் காதுக்கும் எட்டவில்லை. மாட்டுக்கு எட்டும். நரம்பெல்லாம் விறைத்துக் கிடக்கிற மாட்டின் காதில் நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்ன, அணைத்தாயிற்று. கள்ளக்குறிச்சியின் பெரிய டார்ச்காரன், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, போன் லைட்டைப் போட்டு, மருந்து சொட்டுகிற கண்ணாடிக் குமிழுக்குப் பின்னால் பிடித்தான். இருபத்திரண்டு நிமிடம். கை மரத்தது. மாற்றிப் பிடித்தேன்.

அந்த இருபத்திரண்டு நிமிடம் அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். சொட்டு. சொட்டு. சொட்டு. கண்ணை அங்கே வைத்துக்கொண்டு, காதை மாட்டின் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை சக்கரத்தை மயிரிழை திருப்பினார். நெஞ்சு துடிப்பு தப்பும்போது குறைத்தாராம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. நான் ஐந்து வெளிச்சம் செய்து பெயர் வைத்துக்கொண்டு திரிந்தவன். இவர் தனியாக, துண்டை விரித்து வைத்துக்கொண்டு, போன சனிக்கிழமை இதைச் செய்திருக்கிறார்.

நடுக்கம் நின்றது. ஏப்பம். அஞ்சலை போய் மாட்டின் காதைப் பிடித்துப் பார்த்தார். "சூடாயிடுச்சி" என்றார். உடனே கன்றை அவிழ்த்துவிடப் போய்விட்டார். அவ்வளவுதான், அழுகை கிழுகை எதுவும் இல்லை.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். குடிக்க வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

செப். 9, செவ்வாய்

வெயில். மிக்சிக்காரர் வந்து சண்டை. நியாயம்தான்.

சு.வுக்கு நேற்று நடந்தது முழுக்கச் சொன்னேன். கண்ணை ஏமாற்றியதைச் சரிசெய்யப் போய்க் காதில் மாட்டிக்கொண்ட கதையை. விழுந்து விழுந்து சிரித்தாள். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க. தீர விசாரிக்க உங்களுக்கு ஒரு மாடு வேண்டியிருந்துது."

சொல்லட்டும். சரியாகத்தான் சொல்கிறாள்.

மலையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த விளக்கின் போர்டைப் பிய்த்தேன். அணைத்து எரிக்கிற வித்தையே வேண்டாம். குறைவான வெளிச்சம் வேண்டுமா, குறைவான கரண்டையே கொடு, விடாமல், ஒரே சீராக. அதற்குத் தனிப்பாதை. காயில் இல்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், தீரட்டும்.

இப்போது புரோகிராமில் இருப்பது:
– சின்னது.
– நடக்கிறதுக்குப் பெரியது. அலுமினியம் தாங்குகிற அளவுக்கு மட்டும். அதனால் தானாக இறங்காது.

நிலா, நடு, முழுசு மூன்றையும் அழித்தேன். நூற்றுச் சொச்சம் வரி. மனசு கொஞ்சம் வலித்தது, பொய் எழுதக் கூடாது. அந்த நிலா வெளிச்சம் அவ்வளவு அழகு.

செப். 11, வியாழன்

மேகமூட்டம். பல் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

டா. வந்தார். விளக்கைக் கொடுத்தேன், ஒன்றும் விளக்கவில்லை, வாயும் திறக்கமுடியாது. நேராக எங்கள் வீட்டுக்கு வரலாமா என்றார். வந்து, சு.விடம் சொல்லிவிட்டு, எரியாத பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய்ச் சத்தம். சொட்டு, பிறகு ஒழுகல், பிறகு சொட்டு. பத்து நிமிடம். வெளியே நானும் சு.வும் ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

அடுத்து, எதிர்வீட்டுப் பால்காரரின் மாடு. காதுக்கு ஒரு சாண் தூரத்தில் விளக்கை வைத்து ஆன், ஆஃப், ஆன். அசைபோடுவதை நிறுத்தவில்லை அது. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. மாட்டையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கினு போறேண்ணா."

நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இவரிடம் அதை எதிர்பார்த்த நான்தான் மடையன். பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். செவலை எப்படி என்று சைகையில் கேட்டேன். பால் கறக்கிறதாம்.

சும்மா கேட்கிற ஆளுக்குச் செய்து கொடுப்பதும், விஷயம் தெரிந்த ஆளுக்குச் செய்து கொடுப்பதும் வேறு வேறு. இவரைப் போல ஒருவர் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே கடைப்படி ஏறியிருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்.

செப். 14, ஞாயிறு

காலை பாத்ரூம் லைட் போட்டேன். ஹோல்டர் துருப்பிடித்திருந்தது. ஐந்து நிமிட வேலை. சு. சுவிட்சை மூன்று தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு மலை கறுத்தது. இங்கிருந்தே மின்னல் தெரிகிறது. மேலே எங்காவது ஒரு கொட்டகையில் ஒரு மாடு படுத்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேலை ஓடவில்லை. சிப்பை எடுப்பதும் வைப்பதும்.

நாலே முக்காலுக்கு போன், டாக்டர். மழைச் சத்தம், நடுவே ஒரு கன்றுக்குட்டி கத்துகிறது. கொட்டகையில் வேலையாக இருக்கிறார்.

எடுத்த எடுப்பில், தலைப்பட்டை நீளம் போதவில்லை என்றார். தலைக்குச் சரியாக இருக்கிறதாம். கூரை மூங்கிலில் சுற்றிக் கட்ட எட்டவில்லையாம். அரை முழம் கூட இருந்தால் தேவலை, இரண்டு கையும் சும்மா இருக்கும்.

சரி என்றேன். அவர் வைத்துவிடப் போனார். விடவில்லை நான். சொட்டு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"எந்தச் சொட்டு?"

மருந்து, டாக்டரம்மா, மருந்து, உங்கள் எதிரில் என்றேன்.

"ஓ, அதுவா." திரும்பிப் பார்த்திருப்பார் போல, குரல் தள்ளிப்போய் வந்தது. "அது பாட்டுக்கு விழுதுண்ணா."

நாளை: பட்டை, அரை முழம் கூடுதலாக. கறுப்பு நாடா தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.